வீட்டுத் தோட்டப் பறவைக் கணக்கெடுப்பு: புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி நடுவில் நான்கு நாட்கள், வெள்ளி முதல் திங்கள் வரை, உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டைச் சுற்றித் தென்படும் பறவைகளை எண்ணி ஒரே இடத்தில் பதிவு செய்கிறார்கள். 'கிரேட் பேக்யார்டு பேர்ட் கவுன்ட்' என்பது இதன் பெயர். தோட்டம் இருந்தால்தான் சேரலாம் என்றில்லை. ஒரு ஜன்னல் போதும். சில ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாரையும் நண்பர்களையும் இதற்குக் கூட்டிவருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. நான் எப்படிச் சேர்வது?

காகம், மைனா, புறா, கிளி, சிட்டுக்குருவி, குயில், பருந்து, கொக்கு, மீன்கொத்தி, மரங்கொத்தி. இதோ பத்து. "ஒன்றுமே தெரியாது" என்று சொல்லி வந்தவர்களில் இந்தப் பத்தையும் அடையாளம் காட்டத் தெரியாத ஒருவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை.

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். ஆறு பறவைகளை உறுதியாக அறிந்து எழுதியவரின் பட்டியல், இருபதை ஊகித்து எழுதியவரின் பட்டியலைவிட ஆயிரம் மடங்கு உயர்ந்தது. புறா என்று தெரிகிறது, எந்தப் புறா என்று தெரியவில்லை என்றால் 'புறா வகை' என்றே பதிவு செய்ய வழி இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் தொலைவில் பறந்துபோன பருந்தை 'பருந்து வகை' என்றுதான் எழுதுகிறார்கள்.

முதல் ஆண்டில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: குயில். ஆண் குயில் கருப்பு. சட்டென்று பார்த்தால் காகம் என்றே தோன்றும். உற்றுப் பாருங்கள்; கண் ரத்தச் சிவப்பாக இருக்கும், அலகு வெளிறிய பச்சையாக இருக்கும், வால் நீளமாக இருக்கும். பெண் குயிலோ கருப்பே இல்லை. பழுப்பு உடம்பு முழுக்க வெள்ளைப் புள்ளிகளும் வரிகளும். இதைப் பார்த்துவிட்டு ஏதோ வேட்டைப் பறவை வந்திருக்கிறது என்று எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் ஆண்டுக்கு நான்கு பேராவது இருப்பார்கள். காகத்திலும் இரண்டு வகை: வீட்டுக் காகத்துக்குக் கழுத்து சாம்பல் நிறம்; அண்டங்காக்கை முழுக்கக் கருப்பு, அலகு தடித்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்ட பிறகு மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் எந்தக் காகத்தையும் கழுத்தைப் பார்க்காமல் உங்களால் கடந்துபோக முடியாது.

யார் நடத்துகிறார்கள்? எப்போது தொடங்கியது?

அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் தேசிய ஆடுபான் சங்கமும் சேர்ந்து 1998-இல் தொடங்கின. பிறகு பேர்ட்ஸ் கனடாவும் சேர்ந்துகொண்டது. முதலில் வட அமெரிக்காவுக்குள் மட்டும் நடந்தது. 2013 முதல் 'இ-பேர்ட்' என்ற பறவைப் பதிவுத் தளத்தோடு இணைந்ததும் உலகம் முழுவதற்குமானதாகிவிட்டது.

ஆனால் இந்தப் பழக்கத்தின் வேர் இன்னும் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் அன்று துப்பாக்கியோடு குழுக்களாகக் கிளம்பி, கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டுக் குவித்து, யாருடைய குவியல் பெரியது என்று போட்டியிடுவார்கள். 1900-இல் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணலாமே என்றார். அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அது இன்றுவரை நின்றதில்லை. பிரிட்டனில் 1979-இல் சிறுவர்களுக்கான குளிர்கால வேலையாகத் தொடங்கிய தோட்டப் பறவைக் கணக்கெடுப்பும் அப்படியே இன்றுவரை தொடர்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியைத் தூக்கிய அதே கிறிஸ்துமஸ் நாளில் பென்சிலைத் தூக்கினார்கள் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் மனம் நிறையும் செய்தி.

எத்தனை நேரம் எண்ண வேண்டும்? சரியாக என்ன செய்ய வேண்டும்?

குறைந்தது 15 நிமிடம். நான்கு நாட்களில் ஏதேனும் ஒரு நாள் ஒரே ஒரு முறை செய்தாலும் கணக்கில் சேரும். தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உட்காருங்கள். பார்த்த, கேட்ட ஒவ்வொரு வகையையும் எழுதி, எதிரே எத்தனை என்று போடுங்கள். முடித்த நேரத்தையும் குறியுங்கள். நடந்துகொண்டே எண்ணினால் நடந்த தூரமும் வேண்டும். இடம் மாறினாலோ நாள் மாறினாலோ புதுப் பட்டியல் தொடங்குங்கள். அவ்வளவுதான்.

பொழுது விடிந்த முதல் இரண்டு மணி நேரம் மிக நல்லது. முடியாதவர்கள் மாலையில் உட்காரலாம். உச்சி வெயிலில் பறவைகளும் ஓய்வெடுக்கும் என்பதால் பட்டியல் சிறிதாகத்தான் இருக்கும்.

முதல் ஐந்து நிமிடங்களில் மனம் தளர்ந்துவிடாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போடும் சத்தத்திலேயே பாதிப் பறவைகள் விலகிப் போயிருக்கும். சென்ற ஆண்டு முருங்கை மரத்தடியில் உட்கார்ந்தேன். நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. வெகு தூரத்தில் ஒரு காகம் கரைந்தது, அதை எழுதினேன். பிறகு வேலிச்செடிக்குள்ளிருந்து 'ட்விட் ட்விட்' என்று ஒரு குரல். தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, குரலோ அடுத்த தெருவுக்குக் கேட்கும். வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு கிளையிலிருந்து அடுத்ததற்கு அது தாவ, அதே நேரத்தில் தலைக்கு மேலே முருங்கைப் பூவில் ஒரு தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கியது. பூவின் காம்பு வளைந்து ஆடியதே தவிர முறியவில்லை. பத்தாவது நிமிடத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைக் கிளறியபடி என் காலுக்கு ஒரு கஜ தூரத்தில் வந்தது. நான் அசையாமல் இருந்ததுதான் காரணம். என்னை அவை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. பதினைந்தாவது நிமிடத்தில் பதினொரு வகை ஆகியிருந்தது.

ஒரே பறவையை இரண்டு முறை எண்ணிவிட்டால்?

இது நல்ல கேள்வி, நிறைய பேர் கேட்பதில்லை.

தவிட்டுக்குருவிகளையே எடுத்துக்கொள்வோம். ஏழு வந்தன, வேலிக்குப் பின்னால் போயின, சிறிது நேரத்தில் ஆறு வந்தன. பதின்மூன்றா? பெரும்பாலும் இல்லை. அதே கூட்டம்தான், ஒன்று உள்ளே நின்றுவிட்டது. ஏழு என்று எழுதுங்கள். வந்து வந்து போகும் பறவைகளுக்கு, ஒரே நேரத்தில் சேர்ந்து பார்த்ததில் அதிகபட்ச எண்ணிக்கையை எடுப்பது பாதுகாப்பானது. பிரிட்டனின் கணக்கெடுப்பில் இதையே விதியாக வைத்திருக்கிறார்கள்.

வேறு வேறு பறவைகள்தாம் என்று உறுதியாகத் தெரிந்தால் கூட்டிக்கொள்ளலாம். முதலில் ஆண் தேன்சிட்டு வந்தது, அது போனபின் பெண் வந்தது என்றால் இரண்டு. கிளிகள் எல்லாம் ஒரே திசையில் பறந்து போய்க்கொண்டே இருந்தால், ஐந்தும் எட்டும் பதின்மூன்று. சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எழுதுங்கள்.

பெருங்கூட்டமாகப் பறந்தால் எப்படி எண்ணுவது?

முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். அதே அளவு துண்டுகள் கூட்டத்தில் எத்தனை என்று பாருங்கள். மாலையில் மரத்துக்கு அடையவரும் மைனாக்களை வைத்து இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும். துல்லியமாக இல்லையே என்று எண்ணை விட்டுவிட வேண்டாம். எண்ணிக்கைக்குப் பதில் பெருக்கல் குறி போட்டு 'இருந்தது' என்று மட்டும் சொல்லவும் வசதி இருக்கிறது. ஆனால் 'ஏறத்தாழ 60' என்பது ஆய்வாளருக்கு எவ்வளவோ மேல். அந்தக் குறியால் ஒரு பறவையா ஓராயிரமா என்றுகூடத் தெரியாது.

எங்கள் வீட்டுக்குக் காகமும் புறாவும்தான் வருகின்றன. அதை அனுப்பி என்ன பயன்?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நிறையப் பேர் சேராமல் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

வட அமெரிக்காவில் பயணிப்புறா என்று ஒரு பறவை இருந்தது. கோடிக்கணக்கில் இருந்தது. கூட்டம் கடக்கும்போது வானம் இருண்டது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். அது தீர்ந்துபோகும் என்று யாரும் நினைக்கவில்லை. கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் இறந்தது.

இன்னும் அருகில் வருவோம். இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு ஒரு காலத்தில் உலகிலேயே மிக அதிகமாக இருந்த பெரிய வேட்டைப்பறவைகளில் ஒன்று. செத்த மாடு கிடந்த இடமெல்லாம் நூற்றுக்கணக்கில் இறங்கும். 1990-களில் அவை பொத்துப் பொத்தென்று விழத் தொடங்கின. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, இறந்த மாட்டின் உடல் வழியாகக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்தது என்று 2004-இல் உறுதியானது. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்த இந்தியாவில் தடை வந்தது. அதற்குள் நூற்றில் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. எத்தனை போயின என்றாவது தெரிந்ததற்குக் காரணம், சில இடங்களில் சிலர் முன்பே எண்ணி வைத்திருந்ததுதான். மற்ற இடங்களில் 'அப்போதெல்லாம் நிறைய இருந்தன' என்ற நினைவு மட்டும் மிச்சம். எவ்வளவு நிறைய என்பதற்குப் பதில் இல்லை.

2019-இல் வெளியான ஓர் ஆய்வு, 1970 முதல் வட அமெரிக்காவில் ஏறத்தாழ 300 கோடிப் பறவைகள் குறைந்துவிட்டன என்றது. அந்த இழப்பின் பெரும்பகுதி அரிய பறவைகளில் நேர்ந்ததல்ல. குருவி வகைகள், கதிர்க்குருவிகள் என்று வீட்டோரத்திலும் வயலோரத்திலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த சாதாரணப் பறவைகளில் நேர்ந்தது. பல ஆண்டுகளாகத் தன்னார்வலர்கள் எண்ணிவைத்த பட்டியல்கள் இல்லையென்றால் இந்தச் சரிவு எவருக்கும் தெரிந்திருக்காது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு வரும் ஒன்பது காகங்களை ஒன்பது என்று எழுதுங்கள். அரிய பறவை வந்தால் அதைத் தேடிப் பத்துப் பேர் கேமராவோடு ஓடிவருவார்கள். உங்கள் மாடியில் வந்து உட்காரும் காகத்தை எண்ண உங்களைத் தவிர யாரும் இல்லை.

எதிர்பார்த்த பறவை வரவேயில்லை. அப்போது?

வராததும் செய்திதான். பதிவு செய்யும்போது ஒரு கேள்வி கேட்பார்கள்: நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா? 'ஆம்' என்றால் அது முழுமையான பட்டியல். பார்த்ததில் பிடித்தவற்றை மட்டும் எழுதியிருந்தால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும்.

முழுமையான பட்டியலில் சிட்டுக்குருவி இல்லை என்றால், அந்தப் பதினைந்து நிமிடத்தில் அந்த இடத்தில் நீங்கள் சிட்டுக்குருவியைக் காணவில்லை என்று பொருள். அரைகுறைப் பட்டியலில் இல்லை என்றால் எந்தப் பொருளும் இல்லை. நூறு முழுமையான பட்டியல்களில் எத்தனையில் ஒரு பறவை இருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிட்டுத்தான் அது கூடுகிறதா குறைகிறதா என்று கணிக்கிறார்கள். மூன்றே பறவை உள்ள முழுமையான பட்டியலை, காகத்தை விட்டுவிட்டு எழுதிய முப்பது பறவைப் பட்டியலைவிட நான் மதிக்கிறேன்.

கைப்பேசிச் செயலி கட்டாயமா?

கடைசியில் எண்கள் இணையத்தில் ஏற வேண்டும். ஆனால் எண்ணும்போது கையில் கைப்பேசி இருக்க வேண்டியதில்லை. நோட்டில் எழுதி, மாலையில் இ-பேர்ட் தளத்தில் ஏற்றலாம். பெரியவர்கள் சொல்லச் சொல்ல வீட்டுப் பிள்ளைகள் ஏற்றிவிடலாம். தனிப்பட்ட முறையில் எனக்கு நோட்டுதான் பிடிக்கும்; திரையைக் குனிந்து பார்க்கும் நேரத்தில் பறவை போய்விடுகிறது.

அடையாளம் காண உதவும் 'மெர்லின்' செயலி நல்ல துணை. படத்தையும் குரலையும் வைத்துப் பெயர் சொல்லும். ஆனால் அது சொல்வது யோசனை, தீர்ப்பு அல்ல. ஒரு பறவையின் குரலைப் போலவே இன்னொன்று கூவும். கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலை அப்படியே பாவித்து ஏமாற்றும். செயலி பெயர் சொன்னதும் நிமிர்ந்து தேடுங்கள். கண்ணால் பார்த்தோ காதால் உறுதிசெய்தோ பிறகு எழுதுங்கள்.

தொலைநோக்கி வேண்டுமா? கேமரா?

வேண்டாம். இருந்தால் நல்லது, அவ்வளவுதான். கேமரா உள்ளவர்கள் படத்தில் மூழ்கி எண்ண மறந்துவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பார்வையற்றவர்கள் சேரலாமா?

கட்டாயம் சேரலாம். காதால் கேட்டு அடையாளம் கண்டதும் பார்த்ததும் ஒன்றுதான். தனிக் குறிப்புகூடத் தேவையில்லை. இலை அடர்ந்த மரத்தில் நாம் ஒரு குக்குறுவானைக் கண்ணால் தேடித் தோற்றுக்கொண்டிருக்கும்போது, அது 'டொக் டொக் டொக்' என்று எங்கிருந்து தட்டுகிறது, பதில் தட்டுவது எந்தப் பக்கம், ஆக மொத்தம் இரண்டு என்று காதை நம்புகிறவர்கள் சொல்லிவிடுவார்கள்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோருமாகச் சேர்ந்து செய்வது எப்படி?

கூட்டமாகச் செய்வதில் ஓர் ஆபத்து: ஒரே கிளிக்கூட்டத்தை மூன்றாம் மாடி, ஐந்தாம் மாடி, மொட்டை மாடி என்று மூன்று பேர் தனித்தனியாக எழுதிவிடுவார்கள். ஒன்றாக உட்கார்ந்தால் ஒரே பட்டியல் போதும். ஒருவர் பதிவு செய்து மற்றவர்களோடு அதைப் பகிர்ந்துகொண்டால் அது எல்லோருடைய கணக்கிலும் தெரியும். ஆய்வில் ஒருமுறைதான் எண்ணப்படும்.

வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுபிள்ளைகளுக்குக் கண் கூர்மை, அவர்கள் பார்க்கட்டும். எழுதக் கற்றவர்கள் எழுதட்டும். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கட்டும். பிள்ளைகள் 'நூறு மைனா' என்று கத்துவார்கள். மறுக்காமல், "வா, சேர்ந்து எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். பதினான்கு என்று தானே கண்டுபிடித்த பிள்ளை அடுத்த முறை தானாகவே நிதானமாக எண்ணும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. படித்தவர்கள் நான்கு பேர் கூடி, தொப்பி மாட்டிக்கொண்டு எண்ணிவிட்டுக் கலைந்துபோவது பொதுமக்கள் கணக்கெடுப்பு ஆகாது. அந்த இடத்துப் பறவைகளை உண்மையில் அறிந்தவர்களை யாரும் கேட்பதில்லை. நாங்கள் எண்ணத் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, இரவுக் காவலர் ஒருவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, "ஆந்தையை எழுதினீர்களா?" என்று கேட்டார். எந்த ஆந்தை என்றோம். அழைத்துப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த பட்டுப்போன மரத்தின் பொந்தைக் காட்டினார். உள்ளே இரண்டு புள்ளி ஆந்தைகள், தோளோடு தோள் ஒட்டி, மஞ்சள் கண்களால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. மூன்று ஆண்டுகளாக அங்கேதான் இருக்கின்றன என்றார். அவரை யாரும் கேட்காததால் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர், பால் கொண்டுவருகிறவர், விடியலில் தெருவைக் கூட்டுகிறவர் என்று எல்லோரிடமும் கேளுங்கள். நாம் கண் விழிக்கும் முன்பே அவர்கள் இரண்டு மணி நேரம் பறவைகளோடு இருந்திருப்பார்கள்.

இதே காரணத்துக்காக, ஊர்ப்புறத்தில் உள்ள உறவினர்களிடமும் ஒரு பதினைந்து நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். பெருநகரங்களில் பட்டியல்கள் குவிகின்றன. வயல்களும் சிற்றூர்களும் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கின்றன. பறவை இல்லாததால் அல்ல, எண்ண ஆள் இல்லாததால்.

நான் எழுதியதை உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வந்திருக்கிறது. என்னை நம்பவில்லையா?

மனம் வருந்த வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எவ்வளவு இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டும் பதிவுகளை அந்தப் பகுதியை அறிந்த தன்னார்வலர் ஒருவர் பார்த்து, விவரம் கேட்பார். அவரும் நம்மைப் போல ஊதியம் இல்லாமல் உழைப்பவர்தான். புகழ்பெற்ற பறவை நிபுணர்களுக்கும் அதே மின்னஞ்சல் போகும்.

பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: எந்தப் பறவையின் அளவு இருந்தது, அலகு எப்படி, வாலின் நீளம், என்ன செய்துகொண்டிருந்தது, எவ்வளவு தூரம். படம் மங்கலாக இருந்தாலும் இணையுங்கள். என் முதல் ஆண்டில் வல்லூறு என்று ஒன்றை எழுதினேன். விவரம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தபோதுதான் அதன் அலகைப் பற்றி எனக்கு ஒன்றும் நினைவில்லை என்பது புரிந்தது. அந்தப் பதிவை நீக்கச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து முதலில் அலகைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

பறவைகளை வரவழைக்கத் தீனி வைக்கலாமா?

தண்ணீர் வையுங்கள். அகலமான, ஆழமில்லாத மண்தட்டு, இரண்டு விரற்கடை தண்ணீர், நடுவில் நிற்க ஒரு கல். தினமும் தண்ணீரை மாற்றி, தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். இது பேச்சுக்காகச் சொல்வதல்ல. பிரிட்டனில் 2005-க்குப் பிறகு 'கிரீன்ஃபிஞ்ச்' என்ற பச்சைநிறச் சிறு குருவிகள் பெருமளவில் மடிந்தன. தொண்டையைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணி நோய், தீனித்தட்டுகளிலும் தண்ணீர்த் தட்டுகளிலும் பறவைக்குப் பறவை தொற்றியது. கழுவ நேரமில்லாதவர்கள் தட்டு வைக்காமலிருப்பதே பறவைகளுக்கு நல்லது.

எண்ணும் நாளுக்காக மட்டும் திடீரென்று தானியத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். புறாக்கள் குவியும்; உங்கள் எண் உங்கள் தானியத்தைத்தான் காட்டும். கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைக்கவே கூடாது. தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அந்தப் பறவை பதறி, தேடி, களைத்துப்போகும். கூட்டைக் கண்டால் விலகி வந்துவிடுங்கள். நீங்கள் நின்ற இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கும்; பிறகு வந்து கூட்டைச் சூறையாடிவிடும்.

என் வீட்டு முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடுமா?

வரைபடத்தில் குறிக்கும் புள்ளியைத் தெருமுனையிலோ அருகிலுள்ள பூங்காவிலோ வைக்கலாம். இடத்தின் பெயரில் வீட்டு எண் வேண்டாம். வேட்டைக்காரர்களும் பறவை பிடிப்பவர்களும் தேடும் சில பறவைகளின் சரியான இடத்தைத் தளமே மறைத்துவிடுகிறது. ஆந்தைக் கூடு, கழுகுக் கூடு ஆகியவற்றை நீங்களும் சமூக ஊடகங்களில் இடத்தோடு போடாதீர்கள்.

இத்தனை பேர் அனுப்பும் எண்களை என்ன செய்கிறார்கள்? தவறுகள் இருக்காதா?

இருக்கும். அதனால்தான் நேரம், தூரம், முழுமையா இல்லையா என்று கேட்கிறார்கள். எவ்வளவு நேரம் முயன்றார்கள் என்று தெரிந்தால், அரை மணி நேரப் பட்டியலையும் மூன்று மணி நேரப் பட்டியலையும் ஒரே தராசில் வைக்காமல் சரிசெய்ய முடியும்.

ஓர் எடுத்துக்காட்டு. கள்ளிப்புறா அமெரிக்கக் கண்டத்துப் பறவையே அல்ல. 1970-களில் பஹாமாஸ் தீவுகளில் கூண்டிலிருந்து தப்பிய சில பறவைகள் பெருகி, ஃபுளோரிடாவுக்குப் போய், அங்கிருந்து வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்கும் பரவின. எந்த ஆண்டில் எந்த மாநிலத்தை எட்டின என்பதை இந்தக் கணக்கெடுப்பின் பட்டியல்களில் படிப்படியாகக் காணலாம். வீட்டு ஜன்னல்களில் உட்கார்ந்தவர்கள் எழுதிய வரலாறு அது.

இந்தியாவில், பறவை ஆர்வலர்கள் இ-பேர்டில் பதிந்த தகவல்களைக் கொண்டு 2020-இலும் 2023-இலும் இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கைகள் வந்தன. 2023 அறிக்கைக்கு 30,000-க்கு மேற்பட்டவர்களின் ஏறத்தாழ 3 கோடிப் பதிவுகள் பயன்பட்டன. 942 வகைப் பறவைகள் ஆராயப்பட்டன. சிட்டுக்குருவி அழிந்துகொண்டிருக்கிறது என்று நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம் இல்லையா? நாடு முழுக்கப் பார்த்தால் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று 2020 அறிக்கை காட்டியது. கைப்பேசிக் கோபுரம் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்த பேச்சை, பட்டியல்கள் வேறு கேள்விக்குத் திருப்பின: நகரத்தில் அதற்குக் கூடு கட்ட இடமும் குஞ்சுக்குக் கொடுக்கப் புழுவும் எங்கே போயின?

ஏன் பிப்ரவரி?

வடக்கே வசந்தம் தொடங்கி வலசைப் பறவைகள் கிளம்பும் முன், எது எங்கே இருக்கிறது என்று பார்த்துவைக்க. நம் பக்கம் குளிர்காலம் கழிக்க வந்தவையும் அப்போது இருக்கும்.

நான்கு நாள் முடிந்த பிறகு?

அதே நாற்காலியை அதே இடத்தில் போட்டு, வாரம் ஒரு முறை பதினைந்து நிமிடம் உட்காருங்கள். ஆண்டு முழுவதும் பதிவு ஏற்கப்படும். ஓர் ஆண்டு நகர்ந்ததும் நோட்டைப் புரட்டினால், குயில் முதலில் கூவிய நாள், மைனா குஞ்சுகள் வாயைத் திறந்தபடி தாயைத் துரத்திய வாரம், எதிர்மனை வேப்பமரத்தை வெட்டிய பிறகு குக்குறுவான் பட்டியலில் வராமல் போன மாதம் எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். என் நோட்டில் அந்தக் கடைசி வகைக் குறிப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டு எட்டு மாதம் கழித்துத் தெருமுனை அத்தியிலிருந்து மறுபடி 'டொக் டொக்' கேட்டது. நேரம் காலை 6.50. எண்ணிக்கை 1.